மூடி இல்லாத ஆறாவது தட்டு

செடிகள் ஆராய்ச்சி நிலையத்தில் அவளை எல்லோரும் விரலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள் என்று ஒரு பேச்சு. பத்தொன்பது வருடமாக அவள் பார்ப்பது விரல் வேலை. நோய் கண்ட தக்காளி இலையைக் கல்லுரலில் அரைத்து, அந்தச் சாற்றைக் கையுறை போட்ட கட்டைவிரலால் தொட்டு, நல்ல செடியின் இலைமேல் தேய்க்க வேண்டும். தேய்ப்பதற்கு முன் இலைமேல் ஒரு பொடி தூவுவாள். உப்புத்தாளில் ஒட்டியிருக்கிறதே, அதே சொரசொரப்புப் பொடிதான், மாவாக அரைத்தது. அது இலையின் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும், கீறல் வழியாக வைரஸ் உள்ளே போகும். அழுத்தித் தேய்த்தால் இலை புண்ணாகிவிடும். பட்டும் படாமல் தேய்த்தால் வைரஸ் வாசலோடு திரும்பிவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அழுத்தம் விரலக்காவின் கட்டைவிரலுக்கு மட்டும்தான் தெரியும் என்று நிலையத்தில் அடித்துச் சொல்வார்கள். அப்படி அடித்துச் சொல்கிறவர்களில் முதல் ஆள் விரலக்காவேதான்.

அப்படிப்பட்டவளுக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. காட்டானை அழிக்கப் போகிறார்கள்.

காட்டான் என்பது ஆள் இல்லை, காட்டுத் தக்காளி. காகிதத்தில் அதற்கு நீளமாக ஓர் எண் உண்டு, அதை யாரும் வாயால் சொன்னதில்லை. உடம்பெல்லாம் ரோமம், பட்டாணி அளவுக்குப் பழம், தொட்டால் கையில் ஒட்டும் ஒரு நாற்றம். எங்கிருந்தோ வந்த ஒரு பழைய உறையில் பதினொரு விதை இருந்தது. அதில் பத்து செத்தவை. பதினோராவதை ஈரத் துணியில் சுற்றி, காலையிலும் மாலையிலும் எட்டிப் பார்த்து, இருபத்துமூன்றாம் நாள் முளை விட வைத்தவள் விரலக்கா. இன்று நிலையத்தில் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் காட்டான் விதைகளும் அந்த ஒன்றின் பிள்ளை குட்டிகள். அதனால் காட்டானைப் பற்றி யாராவது குறைவாகப் பேசினால் அவளுக்கு மூக்குக்குமேல் கோபம் வரும்.

இத்தனை பாடு எதற்கென்றால், தக்காளியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த ஒரு வைரஸுக்காக. இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு விழும், நுனி சுருளும், பழம் பழுப்பு வரி ஓடிக் கல்லாகும். விரலக்காவின் தம்பி பிளாஸ்டிக் கூடாரம் போட்டுத் தக்காளி வளர்ப்பவன். இரண்டு வருடம் தொடர்ந்து, காய்த்துக் குலுங்கும் நேரத்தில், மொத்தச் செடியையும் பிடுங்கிக் குழியில் போட்டு மூடினான். மாதம் ஒருமுறை போன் செய்வான். நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் சும்மா கேட்பதுபோல, "உன் காட்டான் என்னக்கா சொல்றான்?" என்பான். அந்தச் 'சும்மா' அவளுக்கு நெஞ்சில் தைக்கும்.

காட்டானிடம் எதிர்ப்பு இருக்கிறது என்று முதலில் சொன்னவர் டாக்டரம்மா. விரலக்காவைவிடப் பத்து வயது சின்னவர். ஒல்லி, படபடப்பு, தேநீரை ஆறவிட்டு மறந்துபோகும் ஜாதி. காட்டானின் மரபணுக்களை வரிவரியாகப் படித்து, அதில் ஏற்பி ஒன்று ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார். விரலக்காவுக்கு அவர் அதை விளக்கிய விதம் இது. நமக்கு உடம்பில் கிருமி நுழைந்தால் ரத்தத்தில் ஓடிவந்து சண்டை போட ஆள் உண்டு. செடிக்கு ரத்தமும் இல்லை, ஓடிவர ஆளும் இல்லை. ஒவ்வொரு செல்லும் தன் காவலைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகச் செல்லுக்குள் ஒரு புரதம் சுருண்டு உட்கார்ந்திருக்கும். அதுதான் ஏற்பி. ஊரில் உள்ள எல்லாக் கிருமியையும் அதற்குத் தெரியாது. ஒரே ஒரு கிருமியின் ஒரே ஒரு துண்டுதான் அதற்கு அடையாளம். அந்தத் துண்டு கண்ணில் பட்டால் போதும், சுருள் விரிந்து எழுந்துவிடும். அது எழுந்தால் அந்தச் செல் தன்னைத்தானே கொன்றுகொள்ளும், ஒட்டியிருக்கும் நாலைந்து செல்களும் கூடவே சாகும். வைரஸுக்கு வாழ உயிருள்ள செல் வேண்டும். சுற்றிலும் பிணமாகக் கிடந்தால் அது எங்கே போகும்? அங்கேயே முடங்கிவிடும். வெளியே பார்த்தால் இலையில் குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்புப் புள்ளி. அவ்வளவுதான் சேதம், மிச்சச் செடி பிழைத்துக்கொள்ளும்.

"அப்ப நான் தேய்ச்ச மூணாம் நாள் புள்ளி வரணும்" என்றாள் விரலக்கா.

"வரணும். வந்தா நம்ம கட்சி ஜெயிச்சுது" என்றார் டாக்டரம்மா.

வரவில்லை. நாலு தடவை சோதனை வைத்தார்கள், நாலு தடவையும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஆறு தட்டு. தட்டுக்கு மூன்று காட்டான், மூன்று சாது. சாது என்பது சந்தையில் விற்கும் சாதாரணத் தக்காளி, யார் என்ன நோயைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் அப்பாவி. ஏழாம் நாள் டாக்டரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து பார்க்கும்போது சாது மஞ்சள் திட்டுகளோடு நோஞ்சானாக நின்றுகொண்டிருக்கும். காட்டானோ தலை முதல் தண்டு வரை கருகிச் சாய்ந்து கிடக்கும். எதிர்ப்பு இல்லை என்பதோடு போகவில்லை. இந்த வைரஸுக்கு இதைவிட மோசமாகச் சாகும் செடியை யாரும் பார்த்ததில்லை. "காகிதத்துல இருக்கு, இலையில இல்லை" என்று டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொள்வார்.

இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார். ஐந்தாவது சோதனை கடைசி. மூன்றாம் நாள் புள்ளி உண்டா இல்லையா என்று பார்த்து, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முடிவைக் கடிதமாகக் கொடுத்துவிட வேண்டும். அன்றே காட்டான் விதை முழுவதும் எரி அடுப்புக்குப் போகும். இப்படி நோயில் விழும் செடியின் விதையை வைத்திருப்பது தீயை மடியில் கட்டிக்கொள்வதுபோல என்பது அவர் வாதம். அதையும் குறை சொல்ல முடியாது.

இந்த இடத்தில் விரலக்காவின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பொடி தூவித் தேய்த்த இலைகள் கொஞ்ச நேரத்தில் துவண்டு தொங்கும். பார்க்கவே பாவமாக இருக்கும். நடைமுறைத் தாளில் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. தேய், கழுவு, விளக்கடியில் வை, அவ்வளவே. விரலக்காவுக்கு மனசு கேட்கவில்லை. காட்டானைத் தேய்க்க ஆரம்பித்த நாளிலிருந்து, நாற்று வளர்க்கும் பிளாஸ்டிக் மூடிகள் ஆறு எடுத்து, தட்டுக்கு ஒன்றாகக் கவிழ்த்து வைத்தாள். உள்ளே ஈரம் தங்கும், அரை நாளில் இலைகள் நிமிர்ந்துவிடும். ஐந்தாம் நாள் காலை மூடிகளை எடுத்துக் கழுவி அடுக்கிவிடுவாள். டாக்டரம்மா வரும்போது மூடி இருக்காது. மறைத்தாள் என்று சொல்ல முடியாது. காய்ச்சல்காரருக்குப் போர்வை போர்த்தினேன் என்று யாராவது அறிக்கை எழுதிக் கொடுப்பார்களா என்ன?

ஐந்தாவது சோதனையைத் திங்கட்கிழமை வைத்தாள். அன்று ஒரு மூடி கழுவும் தொட்டியில் விழுந்து குறுக்கே பிளந்தது. வேறு மூடி தேடினாள், கிடைக்கவில்லை. ஐந்து தட்டுகளுக்கு மூடி போட்டாள். ஆறாவது தட்டைப் பார்த்து, "நீ கொஞ்சம் பொறுத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டு விளக்கடியில் வைத்தாள். செடியோடு பேசுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். அவளுக்கு அந்தக் கவலை இல்லை.

வியாழன் பிற்பகல் வளர்ப்பறைக்குள் போனவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறாவது தட்டில், தேய்த்த இலைகளில், பழுப்புப் புள்ளிகள்.

புள்ளிக்காக ஒரு வருடமாகத் தவம் கிடந்தவள், புள்ளியைப் பார்த்ததும் துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? இல்லை. அவளுக்கு முகம் செத்துவிட்டது. அவள் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: கை தப்பிவிட்டது. அழுத்திவிட்டேன். வயதாகிவிட்டது, விரலில் உணர்வு போய்விட்டது, மூடி போடாமல் விட்டதால் அந்தப் புண் காய்ந்து புள்ளியாகிவிட்டது. மற்ற ஐந்து தட்டிலும் மூடிக்குள் காட்டான் இலைகள் பச்சைப் பசேலென்று, கறையில்லாமல் இருந்தன. அப்படியானால் தப்பு இந்தத் தட்டில்தான். நிலையத்தில் ஒரு விதி உண்டு. தேய்ப்பில் புண்பட்ட இலையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, வெட்டிப் போட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். அவள் கத்தரிக்கோலை எடுத்து, செடிக்கு இரண்டாகப் புள்ளி விழுந்திருந்த ஆறு இலைகளையும் வெட்டி, கழிவுப் பையில் போட்டு, பையைக் கட்டினாள். பதிவேட்டில், 'ஆறாம் தட்டு: தேய்ப்புக் காயம், சேர்க்க வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பத்தொன்பது வருடத்தில் இந்த வாக்கியத்தை அவள் எழுதியது இதுதான் முதல் தடவை. எழுதும்போது அவமானத்தில் காது சுட்டது.

வீட்டுக்கு வந்தும் முகம் தெளியவில்லை. அவள் கணவர் முடி திருத்துபவர். கடையை அடைத்துவிட்டு வந்து, கை கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்தார். நாள் முழுக்க ஊர் பேச்சைக் கேட்டுக் கேட்டு, யார் முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்.

"என்னம்மா, யாரோட சண்டை?"

"யாரோடயும் இல்லை. என் கையோடதான்." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். "அழுத்திட்டேங்க. கை போச்சு. இனிமே என்னை விதைக்கு உறை ஒட்டத்தான் உட்கார வைப்பாங்க."

அவர் ஒரு வாய் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கேட்டார். "அந்தத் தட்டுல எத்தனை செடி?"

"ஆறு."

"ஆறுலயும் புண்ணா?"

"காட்டான் மூணுலயும்."

"இன்னொரு மூணு?"

சாதுவின் இலைகளை அவள் பார்க்கவே இல்லை. இல்லை, பார்த்தாள், ஆனால் பார்க்க ஒன்றும் இல்லாததால் கண்ணில் நிற்கவில்லை. அவை வழவழவென்று இருந்தன.

"ஒண்ணுமே இல்லை" என்றாள் மெல்ல.

"அட, என்னம்மா நீ!" என்று அவர் சிரித்தார். "என் கத்தி மொண்ணையா இருந்தா அன்னிக்கு வந்த அத்தனை பேரு கன்னத்துலயும் கீறல் விழும். ஒருத்தன் கன்னம் மட்டும் பொரிப்பொரியா கெளம்புச்சுன்னா, அது என் கத்தி இல்லை. அவன் தோலு. என்னமோ அதுக்குப் பிடிக்கல, எதுத்து நிக்குது."

விரலக்கா எழுந்தே விட்டாள். அதே விரல், அதே பொடி, அதே சாறு, ஒரே தட்டு. சாதுவுக்குக் காயமில்லை. அப்படியென்றால் அது காயமே இல்லை. அது புள்ளி. டாக்டரம்மா சொன்ன புள்ளி. காட்டான் எதிரியைப் பார்த்துவிட்டான், எழுந்துவிட்டான், நான் அதைக் கத்தரித்துப் பையில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்! "ஐயையோ, பை!" என்று கத்தினாள். கழிவுப் பைகள் காலை எட்டு மணிக்கு நீராவி அண்டாவுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அதில் இலையும் இருக்காது, புள்ளியும் இருக்காது, கூழ்தான் இருக்கும்.

"எட்டு மணிக்குத்தானே? முதல் பஸ்ஸுல போ. இப்ப உட்கார்ந்து சாப்பிடு" என்றார் கணவர்.

உட்கார்ந்தாள். ஆனால் அடுத்த கேள்வி வந்துவிட்டது. மற்ற ஐந்து தட்டிலும் அதே காட்டான்தானே, அங்கே ஏன் புள்ளி இல்லை? ஆறாவது தட்டுக்கும் அவற்றுக்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் ஒன்றுதான். அது மூடி என்று புரிந்ததும் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

காலையில் முதல் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது விரலக்காவுக்கு இன்னொரு யோசனை வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். மூடியைப் பற்றி யாருக்கும் தெரியாது. 'டாக்டர், ஒரு தட்டுல புள்ளி வந்திருக்கு, இன்னொரு தடவை வச்சுப் பாக்கலாம்' என்று மட்டும் சொன்னால் போதும். அடுத்த தடவை மூடி போடாமல் விட்டால் எல்லாத் தட்டிலும் புள்ளி வரும். காட்டானும் பிழைப்பான், அவள் பெயரும் பிழைக்கும். யாருக்கு நஷ்டம்? இரண்டு நிறுத்தம் வரைக்கும் அந்த யோசனை அவளுக்கு ரொம்பவே பிடித்திருந்தது. பத்தொன்பது வருடம் கட்டிக் காத்த பெயரைத் தானே போட்டு உடைக்க யாருக்குத்தான் மனசு வரும்?

வளர்ப்பறையில் முதலில் பையைப் பிரித்தாள். அழுகிய வேர், ஈர மண், கிழிந்த கையுறை எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஆறு இலைகளையும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, வெள்ளைத் தாளில் பரப்பினாள். வாடியிருந்தன, ஆனால் புள்ளிகள் அப்படியே இருந்தன. எண்ணினாள். எண்பத்தொன்று. ஒவ்வொன்றும் வட்டமாக, ஓரம் சுத்தமாக, கீறல் மாதிரியே இல்லாமல். நேற்று இதைக் காயம் என்று எழுதியவளை நினைத்தால் அவளுக்கே அறையலாம் போலிருந்தது.

பிறகு சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தாள். இருபத்திரண்டு. எப்போதும் இருபத்திரண்டுதான். அதைக் கழற்றி, முதல் தட்டின் மூடியைத் தூக்கி உள்ளே வைத்து மூடினாள். தேநீர் குடித்து முடிக்கும் நேரம் காத்திருந்து பார்த்தாள். முப்பத்துமூன்று. மேலே விளக்கு, கீழே ஈரம், நடுவில் காற்றுப் போக வழியில்லாத பிளாஸ்டிக். போர்வை என்று அவள் நினைத்தது உலையாக இருந்திருக்கிறது. மூடிக்குள்ளே காட்டான் ஒரு புள்ளியும் இல்லாமல் பச்சைப் பசேலென்று நின்றான். நேற்று வரை அந்தப் பச்சையைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள். இப்போது அழுகை வந்தது, அழுதாள்.

அழுது முடித்தபோது பேருந்து யோசனை மனசில் இல்லை. எங்கே போனதென்று அவள் தேடவும் இல்லை. இலைத் தாளையும் வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

டாக்டரம்மாவின் மேசையில் கடிதம் அச்சாகி இருந்தது, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பக்கத்தில் தேநீர் ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

"டாக்டர், கையெழுத்துப் போடாதீங்க" என்றாள் விரலக்கா. "முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. அப்புறம் என்னைத் திட்டுங்க."

நின்றபடியே சொன்னாள். மென்று விழுங்காமல், ஒன்றையும் விடாமல் கொட்டிவிட்டாள். டாக்டரம்மா இலைகளைப் பார்த்தார், வெப்பமானியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நாலு தடவையும் மூடியா?"

"நாலு தடவையும்."

"உங்களை யாருக்கா மூடி போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல. துவண்டு கெடந்துச்சு, பாவமா இருந்துச்சு."

"பாவமா இருந்துச்சா!" டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டார். "ஒரு வருஷம்க்கா! ஒரு வருஷமா நான் படிச்சது தப்போ, என் மூளை தப்போன்னு நான் தூங்கல. ஒரு வார்த்தை, 'மூடி போடறேன்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

விரலக்கா தலை குனிந்துகொண்டாள். நியாயமான திட்டு, வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். டாக்டரம்மா ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பியபோது முகம் வேறாக இருந்தது. கோபம் போகவில்லை, ஆனால் அதன்மேல் வேறொன்று ஏறி உட்கார்ந்திருந்தது.

"அக்கா, மூடியை எப்ப எடுப்பீங்க?"

"அஞ்சாம் நாள் காலையில."

"காட்டான் எப்பக் கருகும்?"

விரலக்கா யோசித்தாள். "அன்னிக்குக் காலையில கூட நல்லாத்தான் இருக்கும். மறுநாள் வாடும். ஏழாம் நாள் நீங்க வரும்போது கரி."

டாக்டரம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஐயோ அக்கா, அது நோய்ல சாகல" என்றார். "சில ஏற்பிங்க சூட்டுல வேலை செய்யாது. படிச்சிருக்கேன், கண்ணால பாத்ததில்லை. மூடிக்குள்ள காட்டானோட காவல் படுத்துடுச்சு. வைரஸ் ஜாலியா செடி முழுக்கப் பரவிடுச்சு. அஞ்சாம் நாள் நீங்க மூடியை எடுத்தீங்க, குளுந்துச்சு, எல்லா ஏற்பியும் ஒண்ணா கண்ணைத் தொறந்து பாக்குது. எங்க பாத்தாலும் எதிரி. அப்ப எங்க பாத்தாலும் சாவுதானே? ஒவ்வொரு செல்லும் தன் கடமையைச் செஞ்சுச்சு. மொத்தச் செடியும் போச்சு."

கரியாகக் கிடந்த அந்தச் செடிகளை அவள்தான் ஒவ்வொரு தடவையும் பிடுங்கிப் பையில் போட்டாள். சோப்ளாங்கி, பேர்தான் காட்டான், என்று ஒருமுறை திட்டியும் இருக்கிறாள்.

"அப்ப நான்தான் கொன்னேன்" என்றாள்.

"ஆமா" என்றார் டாக்டரம்மா. ஆறுதலாக எதையாவது சொல்லிப் பூசி மெழுகும் பழக்கம் அவருக்கு இல்லை. கடிதத்தை நாலாக மடித்துப் பையில் செருகிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். கதவுக்கு வெளியே சுவரோடு சுவராக நின்ற விரலக்காவிடம், "மூணு வாரம் கொடுத்திருக்கார். போங்க, உரலைக் கழுவுங்க" என்றார்.

அன்று பிற்பகலே ஆறாவது சோதனை. மூடி கிடையாது. வெப்பமானி இலைகளுக்கு நடுவிலேயே குச்சியில் தொங்கியது. டாக்டரம்மா பக்கத்திலேயே நின்றார். விரலக்கா முதல் இலையில் கொஞ்சம் தயங்கினாள், இரண்டாவது இலையில் பழைய அழுத்தம் வந்துவிட்டது. தேய்த்த இலைகள் வழக்கம்போலத் துவண்டு தொங்கின. "கெடக்கட்டும், நிமிந்துக்கும்" என்று டாக்டரம்மா சொன்னார். விரலக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அரை நாளில் நிமிரவேண்டியவை ஒரு நாள் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தன. அவ்வளவுதான் வித்தியாசம்.

சனிக்கிழமை ஐந்தாவது சோதனையின் மூடிகளை, டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருக்க, எடுத்தாள். திங்கட்கிழமை காலை இருவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். இடது பக்கம் ஐந்து தட்டில் காட்டான்கள் பதினைந்தும் கரி. வலது பக்கம் ஆறு தட்டில் காட்டான்கள் பதினெட்டும் புள்ளி. நடுவில் தொங்கிய வெப்பமானி இருபத்திரண்டு. டாக்டரம்மா எண்ண ஆரம்பித்து, நூறு தாண்டியதும் விட்டுவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. விரலக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினார். செத்த புள்ளிகளைப் பார்த்து இரண்டு பேர் இப்படிக் கொண்டாடுவதை வெளியாள் பார்த்திருந்தால் பயந்துபோயிருப்பார்.

இருந்தாலும் விரலக்காவுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பதிவேட்டைத் திறந்து வைத்தாள். "இந்த அஞ்சு சோதனையையும் அடிச்சிடறேன் டாக்டர். 'என் தவறு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

டாக்டரம்மா அவள் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். "அடிக்கறதா? 'தேய்ப்புக் காயம்'னு எழுதினீங்களே, அதை வேணா அடிங்க. 'என் தவறு'ன்னும் எழுதுங்க, அது உண்மைதான். ஆனா மூடிக்குள்ள முப்பத்துமூணு டிகிரின்னு பக்கத்துலயே எழுதுங்க. மூடி எடுத்த நாளையும் எழுதுங்க. சூட்டுல காட்டான் என்ன ஆவான், சூடு தணிஞ்சா என்ன ஆவான்னு நமக்கு இப்பத் தெரியும். நீங்க மூடின்ற வார்த்தையை என்கிட்ட சொல்லாம இருந்திருந்தா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது. புள்ளி வந்துடுச்சுன்னு சந்தோஷமா விதையை வெளியில கொடுத்திருப்பேன்."

அவர் சொன்னது அந்த நேரத்தில் விரலக்காவுக்குப் பாதிதான் உறைத்தது. மூன்று வாரம் போயிற்று. புள்ளி விழுந்த இலைகள் உதிர்ந்தன. அவற்றுக்கு மேலே புதிதாக வந்த இலைகளில் திட்டு இல்லை, சுருள் இல்லை. அரைத்துச் சோதித்துப் பார்த்ததில் வைரஸும் இல்லை. இயக்குநர் தானே இறங்கி வந்து பார்த்துவிட்டு, விதைப் பெட்டியைக் குளிரறையில் பூட்டச் சொல்லி, சாவியை டாக்டரம்மாவிடம் கொடுத்தார்.

அந்த வார இறுதியில் தம்பி போன் செய்தான். நலம் விசாரித்தான். மாமா கடை எப்படி ஓடுகிறது என்று கேட்டான். அப்புறம் சும்மா கேட்பதுபோல, "காட்டான் என்னக்கா சொல்றான்?"

"ஜெயிச்சுட்டான்டா."

அவன் கேள்விமேல் கேள்வியாகப் பொழிய ஆரம்பித்தான். எப்போது வரும்? நாலு வருடமாவது ஆகும், சாதுவோடு கலந்து, பழத்தைப் பெரிதாக்கி, அந்த நாற்றத்தைப் போக்கி. நாலு வருடமா? சரி, நாலு வருடம் பொறுத்துக்கொள்ளலாம். வந்ததும் முதல் பயிர் என் கூடாரத்தில்தான்.

"கோடையிலயே போட்டுடறேன்க்கா" என்றான். "கூடாரத்துக்குள்ள கோடைப் பயிருக்குத்தானே நல்ல வெலை. மொத்தக் கூடாரத்துலயும் உன் காட்டான்தான்."

தம்பியின் கூடாரம் விரலக்காவின் கண்முன் வந்தது. நீளமான பிளாஸ்டிக், மேலே வெயில், உள்ளே ஈரம். பகலில் முப்பத்தைந்து, மழை வந்தால் சட்டென்று இருபது. இரண்டாயிரம் செடி. பேருந்தில் அன்று இரண்டு நிறுத்தம் வரைக்கும் அவள் மனசில் வைத்திருந்த அந்த யோசனைப்படி மூடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருந்தால், நாலு வருடம் கழித்து அவளே தன் கையால் தம்பிக்கு விதையைக் கொடுத்திருப்பாள்.

"கோடையில நடாதேடா" என்றாள். "சூடு அடிச்சா அவன் காவல் தூங்கிடும். அப்புறம் குளுந்தா ரெண்டே நாள்ல மொத்தப் பயிரும் கரியாயிடும். குளிர் காலத்துக்கு மட்டும் நடு. கோடைக்குத் தூங்காத வேற ஒருத்தனை நாங்க தேடிட்டிருக்கோம்."

"அவ்வளவு உறுதியா சொல்றியே, உனக்கு எப்படித் தெரியும்?"

"எண்பத்தேழு செடியை என் கையாலயே கொன்னு பாத்திருக்கேன்டா."

அவன் சிரித்தான். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவன் சிரிப்பும் நின்றது. மேசை இழுப்பறை திறக்கும் சத்தமும் தாள் புரட்டும் சத்தமும் கேட்டன.

"இரு, பேனா எடுத்துட்டேன்" என்றான் தம்பி. "எந்த மாசம் நடணும், எத்தனை டிகிரி தாண்டக் கூடாது, ஒவ்வொண்ணா சொல்லு. எழுதிக்கறேன்."

அவள் சொல்லத் தொடங்கினாள்.